வேம்பிலிருந்து பதினாலு தப்படி

ஊருக்குத் தண்ணி திறந்துவிடுகிற வேலையில் இருப்பவளுக்கு ஊரில் எல்லோருமே சொந்தக்காரர்கள்தான். சொந்தக்காரர்களைப் போலவே எல்லோருக்கும் அவள்மேல் ஒரு மனக்குறை இருக்கும். ரேஷன் கடையில் எடை போடுகிறவர்கள், கரண்ட் ஆபீசில் போன் எடுக்கிறவர்கள், ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவர்கள் இதைப் படித்தால் தலையை ஆட்டுவார்கள். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும், என் கஷ்டத்தை நீங்கள் கேளுங்கள்.

எங்கள் ஊர் இலஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பேரூராட்சி. இந்தப் பக்கம் தென்காசி, அந்தப் பக்கம் குற்றாலம். மேற்கே மலை, மலையில் அருவி. ஆனி ஆடியில் சாரல் வீட்டுக்குள் வந்து, துவைத்த துணியை நாலு நாளைக்குக் காயவிடாது. ஆனாலும் குடிக்கிற தண்ணி டேங்கிலிருந்து குழாய் வழியாகத்தான் வரவேண்டும், அதற்குத் தெருத் தெருவாகப் போய் வால்வைத் திறக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் என் வீட்டுக்காரர் மாடசாமி. போன பங்குனியில் மாரடைப்பில் போய்விட்டார். சித்திரையில் அந்த வேலையைத் தற்காலிகமாக எனக்குக் கொடுத்தார்கள். என் பெயர் பேச்சியம்மாள். மகள் திருநெல்வேலியில் நர்சிங் படிக்கிறாள், முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. வேலை நிரந்தரமாக வேண்டும் என்று நான் கும்பிடாத சாமி இல்லை.

இடக்கை வால்வு

முதல் நாள் காலை ஐந்து மணிக்குச் சாவியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். சாவி என்றதும் இடுப்பில் செருகுகிற சாவி என்று நினைத்துவிடாதீர்கள். என் நெஞ்சு உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி, மேலே பிடித்துத் திருக ஒரு குறுக்குக் கம்பி. ரோட்டில் இருக்கிற இரும்பு மூடியைத் தூக்கினால் குழி, குழிக்குள் வால்வு. கம்பியை உள்ளே விட்டு வால்வின் தலையில் மாட்டிச் சுற்ற வேண்டும். மேலத்தெருவில் ஏழெட்டுப் பேர் பல் தேய்க்கிற சாக்கில் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவர் செய்வதைப் பார்த்த ஞாபகத்தில், இறுகுகிற வரைக்கும் சுற்றிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனேன்.

முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால் மேலத்தெருக் குடங்கள் எல்லாம் காய்ந்து கிடந்தன. அவர்களுக்குப் போக வேண்டிய தண்ணி பள்ளிக்கூடத் தெருச் சாக்கடையில் ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. பல் தேய்த்தவர்கள் வாய் கொப்பளிக்கத் தண்ணி இல்லாமல் நுரையோடு என்னைப் பார்த்தார்கள். டேங்கில் மோட்டார் போடுகிற சுடலைமுத்து அண்ணாச்சி சைக்கிளில் ஓடி வந்து சாவியை வாங்கி, எதிர்ப்பக்கமாகச் சுற்றினார். ஊரில் எல்லா வால்வும் ஒரு பக்கம் சுற்றினால் திறக்குமாம், இது ஒன்றுமட்டும் அந்தப் பக்கம் சுற்றினால் மூடிக்கொள்ளுமாம். இதை என் வீட்டுக்காரர் வீட்டில் ஒரு நாள்கூடச் சொன்னதில்லையே என்றேன். அண்ணாச்சி சைக்கிளில் ஏறிக்கொண்டே சொன்னார்: "வீட்டுல பேச அவனுக்கு வாயில தெம்பு ஏது தங்கச்சி? ஊரு பூரா அவன்ட்டதான பேசும்."

தண்ணி வீடு

அன்று சாயந்திரம் வீட்டுக்காரருடைய டிரங்குப் பெட்டியைக் குடைந்தேன். ஒரு பழைய நோட்டு கிடைத்தது. ஒவ்வொரு வால்வும் எங்கே இருக்கிறது என்று காலடியால் அளந்து, அவர் கையெழுத்தில் எழுதியிருந்தது. சந்தோஷத்தில் நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகுதான் படித்துப் பார்த்தேன். "சோடா கம்பெனி வாசலிலிருந்து ஒன்பது தப்படி." அந்த சோடா கம்பெனி மூடி, பாத்திரக்கடையாகி, அதுவும் போய் இப்போது செல்போன் கடை இருக்கிறது. "மாட்டுச்சந்தைக் கல்லுக்கு வடக்கே ஐந்து." சந்தை இருந்த இடத்தில் ஏ.டி.எம். இருக்கிறது. "கொட்டகை டிக்கெட் ஜன்னலுக்கு நேரே." அந்த சினிமாக் கொட்டகை கல்யாண மண்டபமாகி என் மகளுக்கு எத்தனை வயசோ அத்தனை வருஷம் ஆகிவிட்டது. மனுஷன் வால்வுக் கணக்கு எழுதவில்லை, ஊர் வரலாறு எழுதி வைத்திருக்கிறார். செல்போன் கடைக்காரர்களிடம் போய் சோடா மிஷின் எங்கே நின்றது என்று கேட்டுக்கொண்டு ஒரு மாதம் அலைந்தேன்.

கொட்டகை வால்வு, மண்டபத்து வாசலில் சந்தனமும் கல்கண்டும் வைக்கிற மேஜைக்கு அடியில் இருந்தது. அதனால் முகூர்த்த நாட்களில் பட்டுச்சேலைகளுக்கு நடுவே நான் இரும்புச் சாவியோடு உள்ளே நுழைந்து, மேஜையை நகர்த்தி, குனிந்து வேலை பார்க்க வேண்டும். ஒரு நாள் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெரியவர் என் தலையிலும் இரண்டு சொட்டுத் தெளித்துவிட்டு, பொண்ணு வீடா மாப்பிள்ளை வீடா என்று மரியாதையாகக் கேட்டார். இரண்டும் இல்லை, தண்ணி திறக்க வந்திருக்கிறேன் என்றேன். அவர் பன்னீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டார். "அப்பம் மொத பந்தியிலயே ஒக்காருங்கம்மா! மாப்ள இல்லாமக்கூட சமாளிச்சிரலாம், நீங்க கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா சாம்பாருக்கு என்ன செய்ய?"

நூல் தண்ணி

இப்படி ஒவ்வொன்றாக எல்லா வால்வையும் கண்டுபிடித்தேன், ஒன்றைத் தவிர. அது கீழத்தெரு வால்வு. இந்த ஒன்றுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது, அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் கீழத்தெருக் குழாயில் ஒரு கசிவு. அடைப்பதற்காக வால்வை முக்கால்வாசி மூடிவைத்தார். கசிவை அடைத்தாயிற்று, வால்வைத் திரும்பத் திறக்க அவர் இல்லை. நாங்கள் துக்கத்தில் இருந்த அந்த வாரத்தில் கான்ட்ராக்டர் வந்து தெரு முழுக்கச் சிமெண்டுக் கல் பாவிவிட்டுப் போய்விட்டார். வால்வு மூடி கல்லுக்கு அடியில் போயிற்று. அன்றிலிருந்து, கீழத்தெருவும் சேர்ந்த கிழக்கு லைனைத் திறந்தால் மற்றத் தெருக்களில் தண்ணி குதிக்கும், கீழத்தெருவில் மட்டும் நூல் மாதிரி வரும்.

கீழத்தெருப் பெண்களுக்குத் தலைவி கோமதி மதினி. தேர்தலில் நின்று ஜெயிக்கவில்லை, தேவையும் இல்லை. ஆடிக் கடைசிச் செவ்வாய் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வருகிறது, வீட்டுக்கு வீடு விருந்தாள் வருவார்கள், அதற்குள் தண்ணி வராவிட்டால் வால்வு வேலைக்கு வேறு ஆளைப் போடவேண்டும் என்று மனு எழுதி, தெருவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். செயல் அலுவலர் வெளியூர்க்காரர், சின்ன வயசு, நல்ல மாதிரி. கொடைக்குள் சரி செய்தால் நிரந்தரத்துக்குப் பரிந்துரைக்கிறேன், இல்லையென்றால் என்னால் ஒன்றும் செய்ய முடியாதம்மா என்று மனுவைக் காட்டினார். வெளியே வந்தால் கோமதி மதினி படியில் நிற்கிறாள். இப்படிச் செய்யலாமா என்று கேட்டுவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி பேச்சி, உம்மேல எனக்கு என்ன கோவம்? நீ மனு எழுதணும்னு சொல்லு, ஒனக்கும் நானே எழுதித் தாரேன்."

தாத்தாவுக்கு முடியலை

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அந்தத் தெருவுக்கு முறை பார்க்காமல் தண்ணி திறக்க வேண்டும். வருகிற சனத்துக்குக் குடிக்க, குளிக்க, வீடு கழுவ வேண்டுமே. மற்றத் தெருக்காரர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். என் வீட்டுக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், ஆள் இழுத்துக்கொண்டு கிடந்தாலே திறந்துவிடுவாராம். இது கீழத்தெருவுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தத் தெருக் கடைசி வீட்டில் சங்கரலிங்கத் தாத்தா இருக்கிறார். எண்பத்தெட்டு வயசு, ஊருக்கே தாத்தா. ஒரு மத்தியானம் தெருக்காரர்கள் ஓடி வந்து, தாத்தாவுக்கு முடியலை, பால் ஊற்றிவிட்டோம் என்றார்கள். பதறிப்போய்க் கிழக்கு லைனைத் திறந்தேன். நூல் தண்ணிதான், ஆனாலும் மூன்று மணி நேரம் ஓடியதில் எல்லாக் குடமும் நிறைந்தது. நாலாம் நாள் மறுபடியும் முடியலை. அடுத்த வாரம் இன்னொரு தடவை. கடைசி காலத்தில் ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிடலாம் என்று நேரே வீட்டுக்குப் போனேன். தாத்தா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முறுக்கைக் காப்பியில் முக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவசரமாகப் படுக்கப் போனார். பிறகு, மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்ததும் எழுந்து உட்கார்ந்து எனக்கும் ஒரு முறுக்கு நீட்டினார். "கோவப்படாத பிள்ள. வர வெள்ளிக்கெழமையும் தண்ணி வேணும்னு கோமதி சொல்லுதா. நான் காலைலயே படுத்துக்கிடட்டா, சாயந்திரமா படுக்கட்டா?"

மூலிகை வாசம்

சீசன் தொடங்கியது. குற்றால ரோட்டில் கார்கள் வரிசைகட்டின. ரோட்டோரப் பொதுக்குழாயில் நான் தண்ணி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு சென்னைக் கார் வந்து நின்றது. குடும்பத்தோடு இறங்கினார்கள். இது அருவித் தண்ணிதானே என்றார் குடும்பத் தலைவர். இல்லை சார், டேங்க் தண்ணி என்றேன். அவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார், கிராமத்து ஆட்கள் ரகசியத்தை வெளியே விடமாட்டார்கள் என்பது மாதிரி. கையில் பிடித்து முகர்ந்து பார்த்தார். மலையில் ஏகப்பட்ட மூலிகை உண்டு, அதையெல்லாம் தழுவிக்கொண்டு வருவதால்தான் இந்த வாசம் என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துவிட்டு இரண்டு பெரிய கேன் நிறையப் பிடித்துக்கொண்டார். கார் போன பிறகு, அங்கேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சுடலைமுத்து அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். டேங்கில் பிளீச்சிங் பவுடர் கலக்குகிறவர் அவர்தான். "காலைல கை கொஞ்சம் கூடிப் போச்சேன்னு கவலைப்பட்டுக்கிட்டு இருந்தேன் தங்கச்சி. சீசன் முடியுத மட்டும் இதே அளவே போட்டுருவமா?"

கட்

சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்துவிட்டால் சினிமாக்காரர்கள் வருவது வழக்கம். இந்தத் தடவை பூவுக்கு நடுவில் பாட்டு எடுத்துவிட்டு, ஒரு குழாயடிச் சண்டையும் எடுக்க வேண்டும் என்று எங்கள் ஊருக்கு வந்தார்கள். தண்ணி நூல் மாதிரி வரவேண்டுமாம், பஞ்சத்தைக் காட்ட. எங்கெங்கோ குழாய் வைத்துப் பார்த்தார்களாம், இயற்கையாக வரவில்லையாம். கீழத்தெருக் குழாயைத் திறந்து காட்டியதும் டைரக்டர் கை தட்டிவிட்டார். இதுதான் வேண்டும், யார் இதை இவ்வளவு அழகாகச் செய்தது என்று கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். எனக்கு அந்தக் கல்லுக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

சண்டைக்குத் தெருப் பெண்களையே நிறுத்தினார்கள். வசனம் எழுதிக் கொடுத்தார்கள். கோமதி மதினி அதை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கேமரா ஓடியது. நாலு மாதச் சண்டை நாலு நிமிஷத்தில் வந்தது. யார் யார் வரிசையில் கல் வைத்து இடம் பிடித்தார்கள், யார் மோட்டார் வைத்து உறிஞ்சினார்கள், மனுவில் யார் முதலில் கையெழுத்துப் போட மறுத்தார்கள், எல்லாம் வெளியே வந்தது. ஓரமாக நின்ற என்னையும் இழுத்து உள்ளே விட்டார்கள். டைரக்டர் கட், கட் என்று கத்தினார். யாரும் நிறுத்தவில்லை. அவரே நடுவில் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். கோமதி மதினி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க கட்டுன்னா ஆச்சா தம்பி? எங்க கொடம் நெறைய வேண்டாமா?"

வேம்பு கேஸ்

நோட்டில் கீழத்தெரு வால்வுக்கு அவர் எழுதியிருந்தது இதுதான்: "வேம்பிலிருந்து அம்மன் கோயில் பார்த்துப் பதினாலு தப்படி." அந்த வேம்பு பட்டுப்போய் வெட்டியாயிற்று. வேர்கூட இல்லாமல் தோண்டிக் கல் பாவியாயிற்று. சங்கரலிங்கத் தாத்தா வீட்டுக்கும் கோமதி மதினி வீட்டுக்கும் நடுவில் நின்றது என்று ஊரே சொல்லும். நடுவில் எங்கே என்று கேட்டால்தான் வம்பு. அந்த மரம் யாருக்குச் சொந்தம் என்று தாத்தாவுக்கும் கோமதி மதினியின் மாமனாருக்கும் தென்காசிக் கோர்ட்டில் கேஸ். மாமனார் போய்ச் சேர்ந்தபோது மதினிக்கு வந்த சொத்து பாதி வீடும் முழுக் கேசும். மரமே போன பிறகும் கேஸ் உயிரோடு இருந்தது. தாத்தாவைக் கேட்டால், எங்க சுவருக்கு உள்ளே நின்றது என்றார். மதினியைக் கேட்டால், எங்க சுவருக்கு உள்ளே என்றாள். இரண்டு பேரும் சாட்சிக் கூண்டில் நிற்கிற மாதிரியே பதில் சொன்னார்கள்.

மரம் நின்ற காலத்தில் கோர்ட்டிலிருந்து கமிஷனர் வந்து, பிள்ளையார் கோயில் மூலையிலிருந்து டேப் பிடித்து அளந்து பிளான் போட்டார் என்று சுடலைமுத்து அண்ணாச்சி ஞாபகப்படுத்தினார். பிளான் நகலைத் தாத்தாவிடம் கேட்டேன். கரையான் தின்றுவிட்டது என்றார். மதினியிடம் கேட்டேன். எலி தின்றுவிட்டது என்றாள். கொடைக்கு ஆறு நாள்தான் இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. தாத்தா வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். "எம்புட்டுத் தடவ முடியலன்னு படுத்தீய, நான் ஒரு தடவயாவது தண்ணி இல்லன்னு சொன்னனா? இப்பம் எனக்கு முடியல தாத்தா. வேல போயிட்டுன்னா எம்மவ படிப்பு பாதியில நிக்கும். கரையான் தின்ன காயிதத்தக் காட்டுங்க."

தாத்தா உள்ளே போய்த் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார். பிரித்துக்கொண்டிருக்கும்போதே கோமதி மதினியும் தன் கவரோடு வந்து நின்றாள். இரண்டு பிளானிலும் ஒரு கரையான் கடி, ஓர் எலிக் கடி கிடையாது. இரண்டிலும் மரம் தெருவில் நின்றது, இருவர் சுவருக்கும் வெளியே, சர்க்கார் நிலத்தில். இது இத்தனை வருஷமாக இரண்டு பேருக்கும் தெரியும். பிறகு எதற்குக் கேஸ் என்று கேட்டேன். வாய்தா அன்றைக்கு இருவரும் ஒரே பஸ்ஸில்தான் தென்காசிக்குப் போவார்களாம். தாத்தா துண்டு போட்டு மதினிக்கு ஜன்னல் சீட் பிடிப்பார், மதினி இருவருக்கும் இட்லி கட்டிவருவாள். எதிரிகள் இப்படிப் பழகி நான் பார்த்ததில்லை. தாத்தா பிளானை என் கையில் கொடுத்துவிட்டு, தோற்றுப்போன முகத்தோடு உட்கார்ந்திருந்தார். மதினி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கேசு போனாப் போவுது, மாமா. வாய்தா அன்னிக்கு நாம பாட்டுக்குத் தென்காசி போயிட்டு வருவோம், வக்கீலுக்குச் சொல்ல வேண்டாம்."

ஆறு குழி

பிளானை வைத்து அளந்து, வேம்பு நின்ற இடத்தில் சாக்பீசால் ஒரு வட்டம் போட்டோம். அங்கிருந்து கோயில் பார்த்துப் பதினாலு தப்படி நடந்தால் வால்வு, அவ்வளவுதானே என்று நினைத்தோம். நான் நடந்தேன். கல்லைப் பெயர்த்துத் தோண்டினால் மணல்தான். பொம்பளைத் தப்படி சரிவராது என்று சுடலைமுத்து அண்ணாச்சி நடந்தார். மணல். அவருக்கு ஒரு கால் கொஞ்சம் இழுக்கும் என்பதால் அடுத்து செயல் அலுவலரே பேண்டை மடித்துக்கொண்டு நடந்தார். மணல். பட்டாளத்திலிருந்து வந்த ஒருவர் கையை வீசி மார்ச் செய்து காட்டினார், கோமதி மதினி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள், கோயில் பூசாரி அம்மனை நினைத்துக்கொண்டு நடந்தார். ஆளுக்கு ஒரு பதினாலு, ஆளுக்கு ஒரு குழி.

மூன்று நாளில் தெருவில் ஆறு குழி. ஆட்டோ வர முடியவில்லை. கொடைக்கு அம்மன் சப்பரம் எந்த வழியாக வரும் என்று விழாக் கமிட்டிக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். செயல் அலுவலர் குழிகளுக்கு நடுவே நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவர் செருப்பெல்லாம் மண். "அம்மா, கல்லைப் பெயர்க்க இன்னும் ஒரே ஒரு இடம்தான் அனுமதிப்பேன். அதுவும் இல்லைன்னா எல்லாத்தையும் மூடிட்டு, நான் அந்த மனுவை மேலே அனுப்பித்தான் ஆகணும்."

இருபத்தொன்று

அன்றைக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவரோடு சண்டை போட்டேன். ஒரு டேப் வாங்கி அளந்து எழுதியிருக்கக் கூடாதா? உம்ம கால் உமக்கு மட்டும்தானே இருந்தது? அப்போதுதான் அந்தக் காலே ஞாபகம் வந்தது. ஆள் நல்ல உயரம், காலை நீட்டி வைத்து நடப்பார். கல்யாணமான புதிதில் குற்றாலத்துக்கு நடந்தே போவோம். அவர் முன்னால் போய்க்கொண்டே இருப்பார், நான் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுவேன். கொஞ்சம் மெதுவாகப் போங்களேன் என்று கத்துவேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரே பதில்தான் சொல்லுவார்: "நான் ரெண்டு வைக்கதுக்குள்ள நீ மூணு வச்சிரு, சரியாப் போவும்." கல்யாண வீடு, சாவு வீடு, ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் இதே சண்டை, இதே பதில். இருபத்தேழு வருஷம் அவர் இரண்டுக்கு நான் மூன்று வைத்துத்தான் நடந்திருக்கிறேன். அவர் பதினாலு வைத்தால் நான் எத்தனை வைப்பேன் என்று விரல் விட்டு எண்ணினேன். இருபத்தொன்று.

மறுநாள் காலை வெளிச்சம் வந்ததும் சாக்பீஸ் வட்டத்தில் போய் நின்றேன். தெரு முழுக்க வாசலில் நின்றது. நான் காலை எட்டியும் வைக்கவில்லை, குறுக்கியும் வைக்கவில்லை. முன்னால் அவர் போகிறார், கையில் துணிப்பை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். ஆறு குழியையும் தாண்டிப் போனேன். இருபத்தொன்றில் நின்று, இங்கே என்றேன். சுடலைமுத்து அண்ணாச்சி கல்லைப் பெயர்த்து மணலை வழித்துவிட்டுக் கடப்பாரையை இறக்கினார். ணங் என்றது. மூடியைத் தூக்கினால் குழிக்குள் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. அதை எடுத்து வெளியே விட்டுவிட்டு சாவியை நானே மாட்டினேன். பங்குனியில் அவர் கையால் மூடியது. அவர் மூடிய சுற்றுகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். திறக்கத் திறக்க அழுகை வந்தது, அழுதேன். குழாய்க்குள் தண்ணி இரைகிற சத்தம் கேட்டது. தெருக் கடைசியில் தாத்தா வீட்டு வாளி உருண்டு விழுந்தது. தெருவே குலவை போட்டது.

கொடை அன்று ஆறு குழியையும் மூடிச் சமமாக்கிய தெருவில் அம்மன் சப்பரம் வந்தது. செயல் அலுவலர் என் பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட சேதியைச் சொல்லிவிட்டு மூன்று வீட்டில் சாப்பிட்டார். கோமதி மதினி என்னைத் தன் வீட்டு நடுக்கூடத்தில் உட்காரவைத்து இலை போட்டாள். பாயசம் ஊற்றிவிட்டு, ஒரு பொட்டலத்தை என் மடியில் வைத்தாள். பிரித்தால் புது டேப், இரும்பு டேப், கடையில் வாங்கிய ரசீதோடு. "இனிமேலாவது இத வச்சு அளந்து எழுதிப் போடுட்டி. ஒனக்குப் பொறவு வாரவ யாரு பின்னால நடந்தவளோ, நாங்க எங்க போய்க் கேக்க?"

கொஞ்சம் மெதுவாகப் போங்கள் என்று இருபத்தேழு வருஷம் தொண்டை கிழியக் கத்தினேன், அவர் கேட்காமல் முன்னால் போனதால்தான் கீழத்தெருவுக்குத் தண்ணி வந்தது.